அப்பா போனுக்கு வரும் கரும்பு மெசேஜ்: ஆலையின் விவசாயி சேவையில் ஒரு வருடம்

எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு பட்டன் போன் கிடக்கிறது. அப்பாவுடையது. அப்பா 2023-லேயே போய்விட்டார். ஆனாலும் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருக்கிறோம், ஏனென்றால் கரும்பு ஆலையின் மெசேஜ் எல்லாம் அதற்குத்தான் வருகிறது. அந்த போனுக்குத் தமிழ் எழுத்து வராது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும், எண்கள் மட்டும் எண்களாகவே இருக்கும். மெசேஜ் வந்த சத்தம் கேட்டால் அம்மா எடுத்து எனக்கு வாசித்துக் காட்டுவார்: "பெட்டி, பெட்டி, பெட்டி, பதினாலு, பெட்டி, எண்ணூத்தி அறுபது."

அது 14 டன் 860 கிலோ என்று எனக்குப் புரிந்துவிடும். மற்ற மெசேஜில் எண் இருக்காது. அதை அண்ணன் மகன் வந்து, சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஊர், விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரை. ஆலை எது என்று சொல்லப் போவதில்லை. இங்கே கரும்பு போடுகிறவர்கள் எல்லாம் ஏதோ ஒரு ஆலைக்குப் பதிவு செய்தவர்கள்தான், சேவையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் என்று நாத்தனார் வீட்டில் பேசும்போது தெரிகிறது. 2 ஏக்கர் 40 சென்ட். 2024 பிப்ரவரி 12-ஆம் தேதி, நடுப்பட்டத்தில் நட்டதிலிருந்து 2025 மார்ச்சில் வெட்டியது வரை ஆலை கொடுத்த உதவிகள் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். அப்பா இருந்தவரை கரும்புக் கணக்கு அவர் தலையில் இருந்தது. என் தலையில் நிற்காது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நாற்று.

அப்பா காலத்தில் கரணைதான், அதாவது நடுவதற்கு நறுக்கிய கரும்புத் துண்டு. ஏக்கருக்கு நான்கு டன் வரை விதைக்கரும்பு போகும். ஆலைக்கு அனுப்பினால் காசாகிற கரும்பை வெட்டி மண்ணில் புதைப்போம். இப்போது ஆலையே நிழல்வலைக் கூடாரம் போட்டு, கரும்புக் கணுவிலிருந்து முளைக்கிற பருவை மட்டும் சீவி எடுத்து, தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் நாற்று விடுகிறது. வரிசைக்கு வரிசை ஐந்தடி பார், பாரில் இரண்டடிக்கு ஒரு நாற்று. ஏக்கருக்கு 4,350 வரும். எனக்கு 11,000 நாற்று, 220 தட்டு, நாற்று செத்த இடத்தை நிரப்பவும் சேர்த்து. ஒரு நாற்று 2 ரூபாய் 20 காசு. கரும்புப் பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். இறக்கின அன்றே நானும் இரண்டு பெண்களும் தட்டுத் தட்டாக எண்ணினோம், குறைவில்லை. செத்தது முந்நூறு இருக்கும். ஒரே குறை, 30 நாளில் தருவதாகச் சொன்ன நாற்று 41-ஆம் நாள்தான் வந்தது. சிலதில் வேர் தட்டுக்குள் சுருண்டு முறுக்கிக்கொண்டிருந்தது. காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் பணம் பிடிப்பார்கள், அதை மட்டும் மூன்று தடவை போன் செய்து நினைவுபடுத்தினார்கள்.

ரகம் கோ 86032. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. கால் நூற்றாண்டாக எங்கள் பக்கத்தில் கரும்பு என்றாலே அதுதான். பதிவின்போது கொடுத்த கையேட்டில் கோ 11015 என்று குறுகிய காலத்தில் சர்க்கரை ஏறுகிற ரகத்தைப் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். கேட்டேன். "அது கையேட்டுல இருக்குக்கா, நாத்தங்கால்ல இல்ல" என்றார் ஃபீல்டுமேன் தம்பி. சிரிக்காமல்தான் சொன்னார்.

இந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் சேவையைப் பற்றிச் சொல்ல முடியாது. காகிதத்தில் அவருக்குக் கரும்பு உதவியாளர் என்று பெயர். அவர் பொறுப்பில் எட்டு ஊர். வயலுக்குள் இறங்குவார். வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்து நம்மை வெளியே கூப்பிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நான்காவது மாதம் தொடங்கியதும் ஒரு டிபன் டப்பாவில் ஒட்டுண்ணி அட்டை கொண்டுவந்தார். டிரைக்கோகிரம்மா என்கிற மிகச் சின்னக் குளவி. நெல் அந்துப்பூச்சியின் முட்டைக்குள் இந்தக் குளவி முட்டையிட்டிருக்கும். முட்டைகளை அட்டையில் ஒட்டியிருப்பார்கள், உப்புக்காகிதம் போலக் கறுப்பாக, சொரசொரவென்று இருக்கும். ஒரு சி.சி. அட்டையில் ஏறத்தாழ 20,000 முட்டை. ஏக்கருக்கு ஒரு சி.சி., பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, ஆறு தடவை. துண்டு துண்டாகக் கிழித்து, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு சோகையின், அதாவது கரும்பு இலையின் அடிப்பக்கத்தில் குத்திவிட வேண்டும். குளவி வெளியே வந்து கரும்பைத் துளைக்கிற இடைக்கணுப் புழுவின் முட்டையைத் தேடிப்போய் அதற்குள் தன் முட்டையை வைக்கும். அந்த வாரத்தில் பூச்சிமருந்து அடித்தால் குளவியும் சேர்ந்து செத்துப்போகும்.

முதல் இரண்டு அட்டையை எறும்பு தின்றுவிட்டது. தம்பியிடம் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது எறும்பு ஏறாத மாதிரி எப்படிக் குத்துவது, எந்த இலையில் குத்துவது என்று நின்று காட்டிவிட்டுப் போனார். நான்காவது தடவை அட்டை இரண்டு நாள் தாமதமாக வந்தது, டப்பாவைத் திறந்தபோதே குளவிகள் உள்ளே பொரிந்து மொய்த்துக்கொண்டிருந்தன. அப்படியே டப்பாவோடு வயலுக்குள் ஓடினோம், நான் முன்னால், அவர் பின்னால். வெட்டும்போது கணுவில் ஓட்டை விழுந்த கரும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அட்டைக்கும் தம்பிக்கும் ஐந்துக்கு ஐந்து.

இனி மெசேஜ்.

பதிவு என் பெயருக்கு மாறிவிட்டது. வாரிசுச் சான்று, பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் கொடுத்து மாற்றினேன். எண் மட்டும் மாறவில்லை. ஆலையின் கோட்ட அலுவலகத்தில் மூன்று தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. "சிஸ்டத்துல அப்டேட் ஆகணும்மா" என்கிறார்கள். சரி, அது எங்கள் வீட்டுப் பிரச்சினை என்று விட்டுவிடலாம். எண் சரியாக இருப்பவர்களுக்கும் அந்த மெசேஜால் எவ்வளவு பயன் என்பதுதான் என் கேள்வி.

ஆலை மெசேஜ் பருவத்தைப் பார்த்துப் போடுகிறது. ஜூன் வந்தால் ஒரு மெசேஜ், அக்டோபர் வந்தால் ஒரு மெசேஜ். பதிவு செய்த எல்லோருக்கும் ஒரே வாசகம். கரும்புக்கோ மாதக் கணக்கு கிடையாது, நட்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். 45-ஆம் நாள் மண் அணைப்பு, 90-ஆம் நாள் இன்னொன்று. ஐந்தாம் மாதம் ஒரு தடவை சோகை உரிப்பு, ஏழாம் மாதம் இன்னொரு தடவை, அப்போதே விட்டம், அதாவது கரும்பு சாயாமல் சேர்த்துக் கட்டுவது. என் வயலில் பிப்ரவரி நடவு. எதிர்வரப்பில் பெரியப்பா மகனுடையது முன்பட்டம், டிசம்பர் நடவு. அதற்கு அடுத்தது மே மாதம் வெட்டிவிட்டு, அடித்தூரிலிருந்து திரும்பத் துளிர்க்க விட்ட மறுதாம்பு. மூன்றுக்கும் ஒரே நாளில் "கரும்பில் சோகை உரிக்கவும்" என்று மெசேஜ் வந்தது, அக்டோபர் முதல் வாரத்தில். மறுதாம்புக்காரருக்குச் சரியாகப் பொருந்தியது. எனக்கு எட்டாம் மாதம். பெரியப்பா மகனுக்குப் பத்தாம் மாதம், அவர் அதைப் படித்துவிட்டு, "இப்போ உள்ள போனா நான் திரும்பி வரமாட்டேன், என்னையும் சேர்த்து உரிச்சிடும்" என்றார்.

நட்ட தேதி ஆலையில் இல்லாமலா இருக்கிறது? பதிவுச் சீட்டில் முதல் வரியே அதுதான். தம்பி நாடாவும் போனுமாக வந்து வயலைச் சுற்றி நடந்து அளந்து, தேதி போட்டுத்தான் ஏற்றினார். அந்தத் தேதியோடு 150 நாளைக் கூட்டினால் ஆயிற்று. கூட்டுவதில்லை.

நட்டு இரண்டு மாதம் பார்த்துவிட்டு நானே ஒரு வழி செய்துகொண்டிருந்தேன். வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பில் எந்த வேலை எந்த நாளில் என்று நாள் கணக்காகவே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய தினசரி காலண்டரை எடுத்து, பிப்ரவரி 12-லிருந்து எண்ணி, அந்தந்தத் தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதிவிட்டேன். காலையில் தாளைக் கிழிக்கும்போது ராகுகாலத்துக்குக் கீழே "மண் அணைப்பு" என்று வரும். அட்டை குத்துகிற ஆறு நாளும் அதில் இருந்தது. தம்பி வந்து தண்ணீர் குடிக்கும்போது அதைப் பார்த்துவிட்டு, அட்டை தீர்ந்துபோகும் முன்பே எனக்கு எடுத்து வைக்க ஆரம்பித்தார். 50 ரூபாய் காலண்டர்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். மழை வரப்போகிறது என்பது எங்களுக்குத் தெரியும். வானிலைத் துறையின் வேளாண் அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வரும், வாட்ஸ்ஆப்பில் யாராவது போட்டுவிடுவார்கள். 30-ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, ஆறு கரை மீறி எங்கள் வயலுக்கு வந்தது. நாலு நாள் நின்றது. பத்து மாதக் கரும்பு, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வளர்ந்தது, கிழக்கு மூலையில் ஒரு ஏக்கர் பாயை விரித்த மாதிரி படுத்துவிட்டது. விட்டம் கட்டியிருந்த பகுதி சாய்ந்தது, ஆனால் படுக்கவில்லை. கிழக்கு மூலைக்கு ஏன் கட்டவில்லை என்று கேட்காதீர்கள். செப்டம்பரில் கூலிக்கு ஆள் கிடைக்காமல் விட்டுப்போனது. காலண்டரில் எழுதித்தான் இருந்தது.

ஆலை மெசேஜ் டிசம்பர் 5-ஆம் தேதி வந்தது. "வயலில் தேங்கிய மழைநீரை உடனடியாக வடிக்கவும்." அண்ணன் மகன் சிம்மை மாற்றிப் போட்டு அதைப் படித்தபோது தண்ணீர் தானாகவே வடிந்து, வண்டல்தான் முழங்கால் அளவுக்கு நின்றது.

படுத்த கரும்பு நாளாக ஆகக் கெடும். மண்ணைத் தொட்ட கணுவில் வேர் விடும், பரு முளைக்கும், எலி ஏறும், சர்க்கரை இறங்கும். அதனால் முன்கூட்டியே வெட்டு உத்தரவு கொடுங்கள் என்று ஜனவரி முதல் வாரமே கோட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். 8-ஆம் தேதி தம்பி பிரிக்ஸ், அதாவது கரும்புச் சாற்றின் இனிப்பு அளவு பார்க்கிற கருவியோடு வந்தார். அடிக்கரும்பில் ஒரு சொட்டு, நுனிக்கரும்பில் ஒரு சொட்டு. அடி 19, நுனி 15. "நிமிர்ந்திருந்தா இன்னும் விடலாம்க்கா. படுத்ததுக்கு விடக் கூடாது. நான் எழுதிடறேன்" என்றார். எழுதினார், நகல் என்னிடம் இருக்கிறது. உத்தரவு வந்தது மார்ச் 9. பதிமூன்றாவது மாதம் முடிகிற சமயம். நடுவில் எத்தனை நடை நடந்தேன் என்பது நோட்டில் இருக்கிறது: பதினொன்று. ஒவ்வொரு தடவையும் "இந்த வாரம் வந்துடும்." வரிசையில் நம் இடம் எத்தனையாவது என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். கரும்புக்காரருக்கு வருடத்தில் ஒரே ஒரு மெசேஜ்தான் அனுப்ப வேண்டும் என்றால் அது இதுதான்: உங்கள் வெட்டு இன்ன வாரம். வெட்டு ஆட்களின் மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதும் வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதும் அதை வைத்துத்தான். அந்த மெசேஜ் மட்டும் இந்தச் சேவையில் இல்லை. உத்தரவு காகிதத்தில், வெட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் வருகிறது.

நிமிர்ந்த கரும்புக்கு டன்னுக்கு 900 கேட்ட மேஸ்திரி, மூலையைப் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் 1,250 என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஒவ்வொன்றாக இழுத்துத்தான் வெட்ட வேண்டியிருந்தது. கரும்பு நுனியின் பச்சைத் தழையான கொழுந்தாடையையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஆறு டிராக்டர் நடை, 91 டன் 340 கிலோ. வெட்டுக்கூலி மட்டும் 1,14,175 ரூபாய், கையிலிருந்து.

எடை மெசேஜைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை. வண்டி மேடையில் ஏறி இறங்கிய பத்து நிமிடத்தில் மொத்த எடை, வண்டி எடை, கரும்பு எடை மூன்றும் வந்துவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் வந்தது. முன்பெல்லாம் டிரைவர் சீட்டைத் தொலைத்துவிட்டேன் என்பான், அப்பா விடிய விடிய ஆலை வாசலில் உட்கார்ந்திருப்பார். இப்போது அம்மா படுக்கையிலிருந்தே பெட்டிகளுக்கு நடுவில் எண்களைப் படித்தார், நான் நோட்டில் எழுதினேன். கடைசியில் வந்த சீட்டோடு ஒத்துப் பார்த்தேன், ஒரு கிலோ கூட மாறவில்லை. தமிழே தெரியாத போனில் முழுசாகப் பயன்பட்ட ஒரே மெசேஜ்.

பணம். 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு விலை, 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கு, அதாவது நூறு கிலோ கரும்பில் 10.25 கிலோ சர்க்கரை கிடைத்தால், டன்னுக்கு 3,400. ஆலையின் கட்டுமானம் 9.5 அல்லது அதற்குக் கீழே என்றால் 3,151. எங்களுக்கு 3,151. அதாவது 2,87,812 ரூபாய், அதில் நாற்றுக்கு 24,200 கழித்துக்கொண்டார்கள். ஆலையின் கட்டுமானம் எத்தனை என்று ஒரு மெசேஜிலும் வராது, சீட்டிலும் இருக்காது. என் கரும்பு நன்றாக இருந்ததா, படுத்ததால் எவ்வளவு இறங்கியது, எதுவும் தெரியாது. தமிழக அரசு அந்தப் பருவத்துக்கு அறிவித்த ஊக்கத்தொகை 349 ரூபாயைச் சேர்த்தால் டன்னுக்கு 3,500 ஆகிறது. அது ஆலை வழியாக வருவதில்லை, நேரே வங்கிக் கணக்குக்கு. அதனால் பெயர் மாற்றியவர்கள் வங்கிப் புத்தகமும் புதிய பெயரில் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசி வண்டி மார்ச் 14. பணம் ஏப்ரல் 26. நாற்பத்து மூன்று நாள். 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் கொடுக்க வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. கோட்ட அலுவலகத்தில் வட்டியைப் பற்றிக் கேட்டேன். அங்கிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "டீ சாப்பிடறீங்களாம்மா?" என்றார். சாப்பிட்டேன். நல்ல டீ.

ஆலைக்கு வெளியே இரண்டு உதவி எனக்குப் பயன்பட்டது. ஒன்று, கிசான் கால் சென்டர், 1800-180-1551. கட்டணம் இல்லை, காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை தமிழிலேயே பேசுகிறார்கள். ஆகஸ்டில் குருத்து முறுக்கி, அடியில் வெளிறிப்போன சில தூர்களைப் பற்றிக் கேட்டேன். எத்தனை நாள் பயிர், எந்த ரகம், மழை எப்போது பெய்தது என்று அவர்கள் கேட்ட மூன்று கேள்வியும் நான் எதிர்பார்த்தவை அல்ல, எனக்குப் பிடித்தது. பொக்கா போயிங் என்கிற பூஞ்சாண நோய் என்றார்கள். தம்பியும் பிறகு பார்த்துவிட்டு அதையே சொன்னார். இன்னொன்று, சொட்டுநீர். சிறு, குறு விவசாயி என்றால் முழு மானியம். ஐந்தடி பாருக்கு அது கைகொடுக்கிறது. விண்ணப்பித்தால் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதிதாகப் பதிவு செய்கிறவர்களுக்கு: நாற்று வாங்குங்கள், அட்டையை விடாதீர்கள், எடை மெசேஜை நம்புங்கள். மற்ற மெசேஜுக்காகக் காத்திருக்க வேண்டாம், காலண்டர் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுப்பது எதுவானாலும் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். எண் மாற்றுவதாக இருந்தால் நடவுக்கு முன்பே மாற்றுங்கள். மொத்தமாக நட்சத்திரம் கேட்டால் மூன்று கொடுப்பேன், அதில் இரண்டு தம்பிக்கு.

மறுதாம்பு இப்போது ஐந்தாம் மாதம். மார்ச் 14-லிருந்து புதிதாக எண்ணி, காலண்டரில் எழுதியாயிற்று. வெள்ளம் கொண்டுவந்த வண்டலில் தூர் நன்றாகவே கட்டியிருக்கிறது. 2025-26 பருவத்துக்குக் குறைந்தபட்ச விலை 3,290 ரூபாய் 50 காசு என்று பேப்பரில் படித்தேன், ஆலை இன்னும் சொல்லவில்லை. சோகை உரிக்க நாளைக்கு ஆறு பெண்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், கிழக்கு மூலையிலிருந்து ஆரம்பிக்கப் போகிறோம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் போன் ஒலித்தது. அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, "வெறும் பெட்டிதான், நம்பர் ஒண்ணும் இல்ல" என்று திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார்.